எண்ணெய் ஏறும்வரை

காரின் பழைய டர்போவைக் கழற்றி என் கையில் வைத்தார் மெக்கானிக் மெஹபூப் பாஷா. நத்தை ஓடு மாதிரி சுருண்ட வார்ப்பிரும்பு. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"நடுவுல ஒரு மூக்கு கீது பாருங்க. அத்தப் புடிச்சு ஆட்டுங்க சார்."

உள்ளே சின்னதாக ஒரு விசிறி, என்ஜினுக்குக் காற்றைத் தள்ளுவது. அதன் முனையை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினேன். ஆடியது.

"ஆடுதா? ஆடக் கூடாது. பல்லு ஆடினா இன்னா பண்ணுவோம்? புடுங்கிடுவோம். அவ்ளோதான் மேட்டர்."

"வண்டியை வாங்கப் போறவர் பல் டாக்டர்தான் பாய்."

"அய்யே! அப்ப அவராண்டயே உட்டிருக்கலாமே. என்னாண்ட ஏன் கொண்ணாந்தீங்க?"

அவரே சிரித்துக்கொண்டார். நானும் சிரித்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை. டர்போவைத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளங்கையில் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது.

"புதுசு போட்டுறலாமா? புதுப்பேட்டைல நமக்குத் தெரிஞ்ச கடைல சொல்லி வெச்சிருக்கேன்."

"சரி," என்றேன்.

அது என் மனைவி மாளவிகாவின் கார். பழைய டீசல் வண்டி. செகண்ட் ஹேண்டில், யாரையும் கேட்காமல் அவளே போய் வாங்கி வந்தாள். அடையாறு காந்தி நகரில் எங்கள் வீடு. அங்கிருந்து சிறுசேரியில் இருந்த அவள் அலுவலகத்துக்குத் தினமும் அதில்தான் போய் வந்தாள். கடைசி வருடம் அது விசிலடிக்க ஆரம்பித்தது. வேகம் எடுக்கும்போது மெல்லியதாக ஒரு விசில், அடுப்பில் குக்கர் சத்தம் போடத் தயாராகிற மாதிரி. அவள் அதைக் குக்கர் என்றே சொன்னாள். "குக்கரை ஏத்திண்டு கிளம்பிட்டேன், அரை மணியில வரேன்" என்று போனில் சொல்வாள். கோட்டூர்புரம் பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்காது. "அரிசி இன்னும் வேகலை" என்பாள்.

போன பங்குனியில், அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவள் மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்தது. வண்டி அவள் அலுவலகத்தின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு நான் போய் எடுத்து வந்தேன். வழி முழுக்க விசில் கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் நான் சரி என்று சொன்னேன்.

அது ஒரு முடிவு இல்லை. யாராவது ஏதாவது கேட்டால், கேள்வி முழுதாக உள்ளே போவதற்கு முன்பே வாயிலிருந்து வந்துவிடும். சாப்பிடுகிறாயா, சரி. சாப்பிட வேண்டாமா, சரி. என் அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள், சரி. அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து கூட இருந்தாள், பிறகு போகட்டுமா என்று கேட்டாள், சரி என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அதிகமாகக் கேட்டவர் மாளவிகாவின் அப்பா. சுப்பராமன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கம் வீடு. வாரத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வருவார். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கேட்பார்.

"மாப்ளே, அவ புடவையெல்லாம் பீரோவில கிடக்கே. இல்லாதவாளுக்குக் குடுத்துடலாமா?"

சரி.

"அவ போன் நம்பர் என் பேர்ல இருக்கற பிளான்லதான் இருக்கு. சரண்டர் பண்ணிடலாமா?"

சரி.

புரட்டாசியில், நவராத்திரிக்கு முன்னால் வந்தார். துக்க வருடம், இந்த முறை கொலு கிடையாது. எங்கள் வீட்டுப் பரணில் மூன்று பெட்டி பொம்மைகள் இருந்தன. அவள் அம்மா விஜயலக்ஷ்மி மாமி எங்கள் கல்யாணத்தின்போது கொடுத்த மரப்பாச்சி ஜோடி, அப்புறம் ஒவ்வொரு வருடமும் வாங்கிச் சேர்த்தவை. கீழ்ப்படியில் மாளவிகா மற்றவர்கள் மாதிரி பார்க் கட்ட மாட்டாள். மத்திய கைலாஷ் சிக்னல் கட்டுவாள். நாற்பது பொம்மைக் கார்கள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் போலீஸ்காரர் ஒன்றும் செய்ய முடியாமல் கையை நீட்டிக்கொண்டிருப்பார். சுண்டலுக்கு வருகிற மாமிகள் பெருமாளை விட்டுவிட்டு அதைத்தான் போட்டோ எடுப்பார்கள்.

"பொம்மையெல்லாம் பரண்ல சும்மா கிடக்க வேண்டாம்னு தோணறது. ஹைதராபாத்துல என் தங்கை பொண்ணு புதுசா கொலு வைக்க ஆரம்பிக்கறா. குடுத்துடலாமா?"

சரி என்றேன். பெட்டிகளை நானே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.

தொலைபேசி எண்ணை விட்டுக்கொடுத்த பிறகு ஒருநாள் காலையில் அதற்குக் கூப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஒரு ஆள் எடுத்தார். பெரம்பூரில் ஏதோ கடை வைத்திருக்கிறாராம். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகும் சில காலைகளில் கூப்பிட்டேன். அவர் திட்டவில்லை. "யாருங்க, சொல்லுங்க" என்பார். வைத்துவிடுவேன்.

மிச்சம் இருந்தது கார் மட்டும்.

தை பிறந்ததும் மாமா வந்தார். நாற்காலி, முழங்கால், சுவர்.

"வண்டி வெயில்ல நின்னு வீணாப் போறது. என்கூட நடக்க வரவர் ஒருத்தர், அவர் தம்பி தாம்பரத்துல பல் டாக்டர். டர்போவை மாத்திக் குடுத்தா எடுத்துக்கறேங்கறார். குடுத்துடலாமா?"

இந்த முறை எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. வேண்டாம் என்பது அதன் பெயர். அது எனக்குத் தெரிந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் வந்து வண்டியை எடுத்துப் போவதாக ஏற்பாடு. அதற்குள் புது டர்போ மாட்ட வேண்டும். மீர்சாகிப்பேட்டையில் பாஷாவின் ஷெட்டுக்கு நான் வண்டியைக் கொண்டுபோனது அதற்காகத்தான். விசில் நின்றால் வண்டி போய்விடும்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, நடுப்பகலில் நான் போனபோது புது டர்போ ஏறியிருந்தது. பழைய இரும்புகளுக்கு நடுவே அது மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. காலையிலேயே முடித்திருக்க வேண்டிய வேலை. ஒரு போல்ட் முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டு பாதிப் பொழுதைத் தின்றுவிட்டது. பாஷா அந்த போல்ட்டின் அம்மா அப்பா எல்லாரையும் விசாரித்துவிட்டு, கடைசியில் அதை வெளியே எடுத்திருந்தார்.

"ஏன் கெட்டுச்சுன்னு சொல்லட்டா சார்? இங்க பாருங்க." ஒரு மெல்லிய பழைய குழாயைக் காட்டினார். உள்ளே கரி அடைத்திருந்தது. "டர்போவுக்கு எண்ணெய் போற பைப் இது. இது அடைச்சுக்கிச்சு. உள்ள கீற ஷாஃப்ட்டு எண்ணெய்ல மெதந்துக்கினே சுத்தணும். நிமிசத்துக்கு லட்சம் சுத்து. எண்ணெய் இல்லேன்னா தன்னத்தானே தின்னுக்கும்."

"சரி."

"புது பைப் வாங்கியாச்சு. கீழ்ப் பக்கம் கட்டிட்டேன். மேல் பக்கம் டர்போல மாட்டணும். மாட்றதுக்கு முன்னாடி ஓட்டைல எண்ணெய் ஊத்தணும், வண்டியை ஸ்டார்ட் ஆவாம சும்மா சுத்த உட்டு, பைப்புல எண்ணெய் ஏறி வருதான்னு பாத்துட்டு, அப்பால டைட் பண்ணணும். கொஞ்ச நேர வேலைதான்."

அப்போது தெருக்கோடிப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. பாஷா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது வேறு ஆள். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை. ஜிப்பா எதிலும் பட்டுவிடாமல் கைகளை இரண்டு பக்கமும் அகற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

"எங்கூட்ல இஸ்திரி போட்டுக் குடுத்தா. ஒரு சொட்டு எண்ணெய் பட்டுச்சு, ராத்திரிக்கு எனக்குச் சோறு கிடையாது. ஜும்மா முடிச்சு வந்துர்றேன் சார். சாவி உங்களாண்ட இருக்கட்டும். பேட்டரி மாட்டிக் கீது. நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது. எண்ணெய் ஏறல. சரியா?"

"சரி," என்றேன்.

அவர் போனார். பானெட் திறந்திருந்தது. டர்போவின் ஓட்டைமேல் ஒரு துணி போட்டிருந்தார். பக்கத்தில் அந்தப் புதுக் குழாயின் முனை எதிலும் சேராமல் மேலே பார்த்து நின்றது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். சலவை வேட்டி, நெற்றியில் புதிதாக இட்ட விபூதி, கையில் மஞ்சள் பை. பையில் எலுமிச்சம்பழம், சாமந்திச் சரம், சந்தனம், குங்குமச் சிமிழ். எனக்கு அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. பங்குனிக்குப் பிறகு அவர் இஸ்திரி போட்ட எதையும் உடுத்தி நான் பார்க்கவில்லை.

"முடிஞ்சுதா மாப்ளே? எங்கே உங்க பாய்?"

"தொழுகைக்குப் போயிருக்கார் மாமா."

"போச்சு!" கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கௌரி நல்ல நேரம் ஒண்ணேகாலோட முடியறது. அப்புறம் மூணுலேந்து எமகண்டம்."

"நடுவுல?"

"நடுவுல சும்மா நேரம். அதுல எதையும் ஆரம்பிக்கப்படாது." பையைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லை. விஜயா ஒண்ணு கேட்டா. ஞாயித்துக்கிழமை குடுத்துடப் போறோமே. அதுக்கு முன்னாடி அதுல ஒருதரம் உக்காரணுமாம். பீச் வரைக்கும் போய்ட்டு வந்தாப் போறுமாம். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. காலம்பறலேந்து தலைக்குக் குளிச்சுட்டு, புடவையை மாத்திண்டு உக்காந்திண்டிருக்கா. பாவமா இருக்கு."

நான் தலையாட்டினேன்.

"இது என்ன, மூடாம வெச்சிருக்கான்? பொட்டு வைக்கணுமே. மூடட்டுமா?"

"சரி."

பானெட்டை இறக்கினார். துணி, குழாய், ஓட்டை எல்லாம் மறைந்தன. சந்தனம் கரைத்து வைத்தார், அதன்மேல் குங்குமம். சரத்தை வைப்பரில் சுற்றினார். குனிய முடியாமல் குனிந்து முன் சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு எலுமிச்சம்பழமாக வைத்தார். நான் எழுந்து உதவவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாழியாறது. எடுக்க வேண்டாம், அவர் வரட்டும். ஸ்டார்ட் மட்டும் பண்ணிடறேன். நல்ல நேரத்துல ஸ்டார்ட் பண்ணினதா இருக்கட்டும். அப்புறம் எப்ப எடுத்தாலும் தோஷம் இல்லை. சாவி இருக்கா?"

பாஷா சொன்னது என் காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்திருந்தது. எண்ணெய் ஏறவில்லை என்ற வார்த்தை மண்டைக்குள் எங்கோ தெளிவாகவே இருந்தது. அதற்கும் என் வாய்க்கும் நடுவில் ஏதோ ஒரு குழாய் மாட்டப்படாமல் இருந்தது.

"சரி," என்றேன். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே சுழற்சியில் பிடித்துக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, மகள் நல்ல மார்க் வாங்கி வந்ததைக் கேட்ட மாதிரி.

"விசிலே இல்லையே மாப்ளே!" என்று கத்தினார். "அவ எப்படி எடுப்பா தெரியுமோ? இப்படி!" ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தார். இன்னொரு மிதி.

மூன்றாவது மிதிக்கு ஒரு சத்தம் கிளம்பியது. பழைய விசில் இல்லை. சாணைக் கல்லில் கத்தியை வைத்து எடுக்காமலே அழுத்துகிற மாதிரி. அது உயர்ந்துகொண்டே போனது. வண்டிக்கு அடியிலிருந்து பொன்னிறத்தில் புது எண்ணெய் கோடாக வழிந்து வந்தது. அது நகர்ந்து வலது பக்க எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக்கொண்டு அங்கேயே தேங்கியது. பழம் எண்ணெயில் நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"மாமா, நிறுத்துங்கோ," என்று நான் சொன்னபோது சத்தம் தானே மாறி, உள்ளே ஏதோ உரசி, கரகரத்துவிட்டது.

அவர் சாவியைத் திருப்பினார். அமைதி. தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள்.

மாமா இறங்கி வந்து கீழே பார்த்தார். வெறுங்காலோடு நின்றார்.

"இது என்ன, எண்ணெய்?"

"டர்போவுக்குப் போற பைப் இன்னும் மாட்டலை மாமா. அது ஏறாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"யார் சொன்னா?"

"பாய் சொல்லிட்டுப் போனார்."

"எப்போ?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு குழந்தையின் ஜுரத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"தெரிஞ்சுண்டா சரின்னேள்?"



பாஷா தெருமுனையில் திரும்பும்போதே சந்தனப் பொட்டு வைத்த பானெட்டைப் பார்த்துவிட்டார். நடை மாறியது. ஷெட்டுக்குள் வந்து, கீழே தேங்கியிருந்ததைப் பார்த்து, அப்படியே நின்றார்.

"யாரு சாவி போட்டது?"

"நான்தான் பாய்," என்றேன்.

"இல்லை. நான்தான் போட்டேன்," என்றார் மாமா. "அவர் பொய் சொல்றார்."

"ஆளுக்கொரு சாவி வெச்சிருக்கீங்களா? இன்னா சார் இது!" பானெட்டைத் தூக்கினார். என்ஜின் முழுக்க எண்ணெய் குளித்திருந்தது. ஜிப்பாவின் கையை மடக்கவில்லை, வெள்ளையோடு அப்படியே கையை உள்ளே விட்டார். ஒரு குழாயைக் கழற்றிவிட்டு, விரலால் அந்தப் புது விசிறியின் மூக்கைப் பிடித்தார். நேற்று என்னைப் பிடிக்கச் சொன்ன மாதிரியே. ஆட்டினார்.

ஆடியது. எனக்கே தெரிந்தது.

"பழசு இப்படி ஆடறதுக்கு எத்தினி வருசம் ஆச்சு. இது பொறந்து ஒருநாள் கூட ஆவல." கையை எடுத்தார். முழங்கைவரை பழுப்பு. "தப்பு என் மேலயும் கீது. சாவிய என் ஜேப்புல போட்டுக்கினு போயிருக்கணும். ஆனா சார், நான் கேட்டேனா இல்லையா? சரியான்னு கேட்டேன். சரின்னீங்க. ஒரு மனுசன் சரின்னு சொன்னா அதுக்கு இன்னா அர்த்தம்?"

"அவர் சொல்ற சரிக்கு அர்த்தம் கிடையாது பாய்," என்றார் மாமா. "அதை நான்தான் புரிஞ்சுக்கலை."

பாஷா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாருடைய வண்டி என்பது அவருக்குத் தெரியும். மாளவிகா நாலைந்து தடவை அவரிடம் வந்திருக்கிறாள். இந்த ஷெட்டில் வந்து நின்றுகொண்டு, குக்கர் ரிப்பேர் செய்வீர்களா என்று கேட்பாளாம். அவர் இரண்டு ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார். "குந்துங்க மாமா. டீ சொல்றேன். எங்கூட்டு டீ குடிப்பீங்களா?"

"கொண்டாங்கோ," என்றார் மாமா.

உட்கார்ந்தோம். டீ வந்தது. மாமா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

"விஜயாகிட்ட என்ன சொல்றது," என்றார். பிறகு, "டாக்டர்கிட்ட என்ன சொல்றது."

"குடுக்க வேண்டாம் மாமா."

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் திரும்பவில்லை.

"என்ன சொன்னேள்?"

"வண்டியைக் குடுக்க வேண்டாம். விக்க வேண்டாம். எனக்கு வேணும்."

டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த இடம் சரியில்லை, சாய்ந்து கொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"ஏண்டா," என்றார். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட அவர் என்னை நீ என்று சொன்னதில்லை. "ஏண்டா, இதை இப்பச் சொல்றே? ஒவ்வொருதரமும் நான் எதுக்குடா வந்து வந்து உன்னைக் கேட்டேன்? முப்பத்து மூணு வயசு உனக்கு. அவ சாமானுக்கு நடுவுல உன்னை உக்கார வெச்சுட்டு நாங்க பாத்துண்டிருந்தா நன்னாவா இருக்கும்? உங்கம்மா என்ன நினைப்பா? பொண்ணைப் பெத்தவன் நான்தானே முதல்ல சொல்லணும், எடுத்துடலாம்னு. கேட்டுட்டு உன் மூஞ்சியைப் பாப்பேன். வேண்டாம் மாமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுவியோன்னு. நீ சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா எதையாவது?"

"நீங்க சுவரைத்தான் பாத்தேள்."

"உன்னைப் பாத்துண்டு அதைக் கேக்க முடியுமா என்னால?"

உள்ளே பாஷா ஸ்பானரைப் போட்டுத் திருகுகிற சத்தம் கேட்டது. புதியதைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்டதால, உங்களுக்கு அதெல்லாம் கண்ணுல படாம இருக்கணும் போலன்னு நினைச்சேன்," என்றேன். அதுகூட முழு உண்மை இல்லை. அப்போது நான் எதையும் நினைக்கவில்லை. இப்போதுதான் நினைக்கிறேன்.

"பெரம்பூர்ல ஒருத்தர் இருக்கார்," என்றார் மாமா திடீரென்று. "அவ நம்பரை இப்ப வெச்சுண்டிருக்கறவர்."

நான் நிமிர்ந்தேன்.

"சாயங்காலத்துல சில நாள் கூப்பிடுவேன். அவர் எடுத்ததும் வெச்சுடுவேன். ஒருநாள் அவர் வைக்க விடலை. சார், கோச்சுக்காதீங்க, காலையில ஒருத்தர் இப்படித்தான் கூப்பிட்டுப் பேசாம வைக்கறார், சாயங்காலம் நீங்க, உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சனையான்னு கேட்டார்." வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காலையில கூப்பிடறது நீதான்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். ஐப்பசியில. நேரா ஆட்டோ பிடிச்சு வந்திருக்கணும். வந்து, என்னடா இதுன்னு கேட்டிருக்கணும். வரலை. தையில வந்து வண்டியைக் குடுத்துடலாமான்னு கேட்டேன். நான் என்ன மனுஷன்!"

அவர் தோளில் கை வைத்தேன். எலும்பு தட்டுப்பட்டது. நான் மாப்பிள்ளையாக வந்த புதிதில் அந்த உடம்பு இப்படி இல்லை.

பாஷா வெளியே வந்தார். கையில் நேற்றைய பழைய டர்போ மாதிரியே இன்னொன்று, ஆனால் வெள்ளையாக. "உள்ள கீற ஷாஃப்ட்டு செட்டு மட்டும் தனியா வரும். கிடைக்குதான்னு நாளைக்குப் புதுப்பேட்டைல பாக்கறேன். கிடைக்கலேன்னா ஆவாது, ஞாயித்துக்கிழமைக்கு வண்டி தர முடியாது. அந்தப் பல்லு டாக்டருக்கு இன்னா சொல்லப் போறீங்க?"

"வேற வண்டி பாத்துக்கச் சொல்லப் போறோம்," என்றார் மாமா.

"விக்கலியா?" பாஷா என்னைப் பார்த்தார்.

"விக்கலை பாய்."

"சரின்னு சொல்லலியே நீங்க, நெசமாத்தானா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அப்ப நிதானமா பண்றேன். மாமா, அடுத்த தபா நல்ல நேரம் நான் குறிச்சுத் தரேன். எண்ணெய் ஏறினப்புறம்தான் நல்ல நேரம்."

"உன் வாயில விழுந்து எழுந்திருக்க முடியாதுய்யா," என்றார் மாமா. லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. உடனே போனது.

அவர் போன் அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"நீ பேசு. என்னால முடியாது."

மாமியின் குரல். பின்னால் தெரு சத்தம். "ஏன்னா, கிளம்பியாச்சா? நான் கீழே இறங்கி வாசல் கேட்டண்டை நிக்கறேன். உள்ளே வந்து திரும்பறது கஷ்டம், தெருவிலயே நிறுத்தச் சொல்லுங்கோ மாப்ளையை."

"மாமி, நான் சாய்சரண்."

"சொல்லுப்பா. வந்துண்டே இருக்கேளா?"

"வண்டி இன்னிக்கு வராது மாமி. கெட்டுப் போயிடுத்து. என்னாலதான்."

மறுபக்கத்தில் ஒரு மூச்சு. "போறது போ," என்றாள். பழகிய குரல். எதையும் போகட்டும் என்று சொல்லிப் பழகிய குரல். "ஞாயித்துக்கிழமை அவர் எடுத்துண்டு போறச்சே தூரத்துலேந்து பாத்துக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை போகாது. எப்பவும் போகாது. நான் வெச்சுக்கப் போறேன். ரெடியானதும் முதல்ல உங்களைத்தான் பீச்சுக்கு அழைச்சுண்டு போவேன்."

ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது கேட்டது. பூக்காரியோ யாரோ அவளிடம் ஏதோ கேட்டார்கள். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அப்போ உனக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியும்," என்றாள்.

"மாமி..."

"இல்லைப்பா. சந்தோஷம்தான். வண்டி இருக்கட்டும்." குரல் உடைந்தது. அதை அவள் மறைக்கவில்லை. "புரட்டாசியிலயே இதைச் சொல்லியிருக்கப்படாதோ? அந்த மரப்பாச்சி எங்கம்மா எனக்குக் குடுத்தது. அந்தப் போலீஸ்காரனைக்கூட அனுப்பிட்டோமேடா."

எதிரே மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், சுவரை அல்ல. கீழே, எண்ணெயில் ஊறிய எலுமிச்சம்பழத்தைப் பாஷா ஒரு துணியால் எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வெயில்ல நிக்காதீங்கோ மாமி," என்றேன். "உள்ளே போங்கோ. நாங்க ஆட்டோவில வரோம்."